கையெழுத்து விழும்வரை: காலேஜ் ஃபுட்பால் ஆள் சேர்ப்புச் செய்திகளைச் சலித்துப் படிக்கும் முறை

எந்தக் கல்லூரியோடும் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத பள்ளி வீரரைப் பற்றிக் கல்லூரிக் கோச் வெளியில் வாய் திறக்கக் கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அப்படி. அவரைத் தாங்கள் பார்த்துவருகிறோம் என்று ஒப்புக்கொள்ளலாம். அவர் ஆட்டத்தைப் புகழவோ, நம்மிடம் வரப்போகிறார் என்று சொல்லவோ முடியாது. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆள் சேர்ப்புச் செய்திகள் ஏன் இவ்வளவு கலங்கலாக இருக்கின்றன என்பதற்குப் பாதி விடை இந்த விதியிலேயே இருக்கிறது.

கோச் பேச முடியாதென்றால் செய்தி எங்கிருந்து வருகிறது? வீரர், அவருடைய பெற்றோர், பள்ளிக் கோச், செவன்-ஆன்-செவன் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) குழு நடத்துபவர், இப்போது கூடுதலாக ஏஜென்ட். ஒவ்வொருவருக்கும் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கல்லூரித் தரப்பு பேசினால் பெயர் போடாமல் பேசும்: ‘உள்ளே நல்ல நம்பிக்கை இருக்கிறது’ என்ற வகை வாக்கியங்கள் அங்கிருந்து வருபவை. எனவே எந்தச் செய்தியையும் படித்தவுடன் கேட்க வேண்டியவை இரண்டு: இது யார் வாயிலிருந்து வந்தது? இது வெளியே வந்ததால் யாருக்கு லாபம்?

முதலில் ஓர் ஏடு

ஸ்ப்ரெட்ஷீட்டோ நோட்டுப் புத்தகமோ, ஏதாவது ஒன்று. ஆறு பத்திகள் போதும்: தேதி, வீரர் பெயரும் ஆடும் இடமும், செய்தி என்ன, எழுதியவர் யார், செய்தியின் மூலம் யார், கையெழுத்து நாளில் என்ன ஆனது. கடைசிப் பத்தி டிசம்பர்வரை காலியாக இருக்கும். அந்தக் காலிப் பத்திதான் இந்த ஏட்டின் உயிர். ஒரு சீசன் நிரப்பிப் பார்த்தால், எந்த நிருபர் சொன்னது பலித்தது, எவர் மாதம் மூன்று தடவை ‘பெரிய செய்தி வருகிறது’ என்று மணி மட்டும் அடித்தார் என்பது தெரிந்துவிடும். எல்லா வீரர்களையும் எழுத வேண்டியதில்லை. உங்கள் அணி குறிவைக்கும் முப்பது நாற்பது பேர் போதும். அதற்கு மேல் போனால் அக்டோபரில் ஏடு அனாதையாகிவிடும்.

மூலத்துக்கு எடை போடும்போது இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது கனமானது.

- கல்லூரியே அறிவித்த கையெழுத்து
- வீரர் தன் சொந்தக் கணக்கில் அறிவித்த கமிட், அதாவது ‘இந்தக் கல்லூரிக்குத்தான் போவேன்’ என்ற வாய்வார்த்தை
- உண்மையில் நடந்து முடிந்த வருகை, அதிலும் கல்லூரி செலவேற்ற அதிகாரபூர்வ வருகை
- பெயரும் தேதியும் உள்ள ஒரு நிருபரின் கணிப்பு
- ‘சூடு பிடிக்கிறது’, ‘கவனித்துக்கொண்டே இருங்கள்’

கடைசி வகையை ஏட்டில் ஏற்றவே வேண்டாம்.

இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரியில் நெவாடாவின் ஃபெர்ன்லி நகரில் நடந்தது சாட்சி. ஒரு பள்ளி வீரர் நிறைந்த அரங்கில், கேமராக்களுக்கு முன், ஆரிகன் தொப்பியை விட்டுவிட்டு கலிஃபோர்னியா பெர்க்லி தொப்பியை எடுத்து மாட்டினார். இரண்டு கல்லூரிகளுமே அவருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விதி கோச்சுகளின் வாயைக் கட்டியிருந்தது. வீரர் சொன்னதை யாரும் எதிர்த்துச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது: பிஷப் சிகமோர் என்ற பெயரில் ஒரு ‘பள்ளி’, ஐ.எம்.ஜி. அகாடமியோடு ஈ.எஸ்.பி.என்.னில் நேரலையில் ஆடி 58–0 என்று தோற்றது. அந்த அணியில் பெரிய கல்லூரிகள் தேடும் வீரர்கள் பலர் இருப்பதாகத் தரப்பட்ட தகவலைச் சரிபார்க்க முடியவில்லை என்று வர்ணனையாளர்களே ஆட்டத்தின் நடுவில் சொல்ல வேண்டிவந்தது. ஆள் சேர்ப்புத் தளம் எதிலாவது அந்தப் பெயர்களைத் தட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

காலண்டரைத் தெரிந்துகொண்டால் பாதி வதந்தி தானாக உதிரும்

என்.சி.ஏ.ஏ. ஆண்டை நான்கு வகைக் காலங்களாகப் பிரிக்கிறது. கான்டாக்ட் காலத்தில் கோச் வீரரை வெளியிலும் நேரில் சந்திக்கலாம். எவாலுவேஷன் காலத்தில் பள்ளிக்குப் போய் ஆட்டத்தைப் பார்க்கலாம். வளாகத்துக்கு வெளியே வீரரோடு உட்கார்ந்து பேச முடியாது. க்வயட் காலத்தில் சந்திப்பு கல்லூரி வளாகத்துக்குள் மட்டும். டெட் காலத்தில் நேர்ச் சந்திப்பே கிடையாது. போனும் மெசேஜும் நடக்கும். ஆக, டெட் காலத்தில் ‘தலைமைக் கோச் நேற்று வீட்டுக்கு வந்துபோனார்’ என்று படித்தால் ஒன்று அது விதிமீறல், இல்லை கதை. பெரும்பாலும் கதை.

ஜூன் மாதம் அதிகாரபூர்வ வருகைகள் குவியும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கமிட் அறிவிப்புகள் கொட்டும். 2023 ஜூலை முதல் ஒரு வீரர் எத்தனை கல்லூரிகளுக்கு வேண்டுமானாலும் அதிகாரபூர்வமாகப் போகலாம், கல்லூரிக்கு ஒரு முறை என்ற கணக்கில். முன்பு ஐந்துதான். அப்போது ஒரு வருகை என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்று அவ்வளவு கனம் இல்லை. கடைசியாகப் போன இடம் எது, அதற்குப் பிறகு எதை ரத்து செய்தார் என்று பாருங்கள். போன இடத்தைவிட ரத்தான இடம் அதிகம் சொல்லும்.

முன்கூட்டிய கையெழுத்துக் காலம் 2017இல் வந்தது. 2024 முதல் அது டிசம்பர் முதல் புதன்கிழமையில் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் புதன் இப்போது மிச்சமுள்ளவர்களுக்கான நாள். 1964இல் தொடங்கிய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் நிதியுதவி ஒப்பந்தம் வந்திருக்கிறது. கையெழுத்தானபின் மற்றக் கல்லூரிகள் அந்த வீரரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அதுவரை கமிட் என்பது வாய்வார்த்தை மட்டுமே. யாரையும் கட்டாது.

வாய்வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு பெயர்கள். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரைஸ் அண்டர்வுட் 2024 ஜனவரியில் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட்) கமிட் ஆனார். நவம்பரில் மிச்சிகனுக்கு மாறினார். 2022இல் கல்லூரி சேர்ந்தவர்களில் முதலிடத்து வீரராக மதிப்பிடப்பட்ட டிராவிஸ் ஹன்டர், 2021 டிசம்பர் கையெழுத்து நாளன்றே ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட் போனார். கமிட்டான பிறகும் வேறு கல்லூரிகளுக்கு வருகை போகிறவர் கமிட்டானவர் இல்லை என்று ஏட்டில் எழுதிவைத்தால் இதயத்துக்கு நல்லது.

ஆஃபர் என்ற சொல்

ஸ்காலர்ஷிப்போடு இடம் தருகிறோம் என்று கல்லூரி சொல்வதுதான் ஆஃபர். ‘பதினெட்டு ஆஃபர் இருக்கிறது’ என்று படித்தால் மயங்க வேண்டாம். எழுத்தில் ஆஃபர் தருவது பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல்தான். அதற்கு முந்தைய எல்லாம் வாய்மொழி. வாய்மொழியிலும் இரண்டு வகை: இன்றே சரி என்றால் இடம் உண்டு என்பது ஒன்று, முகாமுக்கு வா, இன்னும் பார்க்க வேண்டும் என்பதைக் கௌரவமாகச் சொல்வது இன்னொன்று. வெளியில் இரண்டும் ஒரே வரியாகத்தான் பதிவாகும். பெரிய கல்லூரிகள் ஓர் இடத்துக்கு எத்தனையோ பேருக்கு ஆஃபர் கொடுக்கும்.

பிரித்தறிய வழி உண்டு. அந்தக் கல்லூரியில் அவருடைய பொசிஷன் கோச் பள்ளிக்கு எத்தனை தடவை வந்தார்? தலைமைக் கோச் வந்தாரா? அதிகாரபூர்வ வருகைக்குத் தேதி கொடுத்தார்களா? அதே இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் கமிட்? மூன்று ரன்னிங் பேக் கமிட்டான கல்லூரியின் ‘ஆஃபர்’ நான்காமவருக்கு வெறும் அலங்காரம். ‘ப்ரிஃபர்ட் வாக்-ஆன்’ என்பதையும் சிலர் ஆஃபர் கணக்கில் சேர்ப்பார்கள். அணியில் இடம் தருகிறோம், ஸ்காலர்ஷிப் இல்லை என்பதே அதன் பொருள்.

ஸ்டார் எண்ணிக்கை: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

247ஸ்போர்ட்ஸ், ஆன்3 குடையின்கீழ் வந்துவிட்ட ரைவல்ஸ் ஆகிய ஆள் சேர்ப்புத் தளங்களும் ஈ.எஸ்.பி.என். சேனலும் பள்ளி வீரர்களுக்குத் தனித்தனியே மதிப்பெண்ணும் அதற்கேற்ற ஸ்டாரும் போடுகின்றன. 247 அளவுகோலில் 80 முதல் 89வரை மூன்று ஸ்டார், 90 முதல் 97வரை நான்கு, 98ம் அதற்கு மேலும் ஐந்து. இறுதிப் பட்டியலில் ஐந்து ஸ்டார் வாங்குபவர்கள் 32 பேர் அளவில் நிற்பார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம் என்பதால் அந்த எண். ஆக, ஸ்டார் என்பது ‘காலேஜில் நன்றாக ஆடுவார்’ என்ற மதிப்பெண்ணைவிட, ‘மூன்று நான்கு ஆண்டில் எந்தச் சுற்றில் போவார்’ என்ற ஊகம்தான்.

ஆண்டுதோறும் என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பௌல் வந்தால் ஒரு படம் சுற்றும்: களத்தில் ஐந்து ஸ்டார் இத்தனை பேர், மூன்று ஸ்டார் இத்தனை பேர், பார்த்தீர்களா ஸ்டாரெல்லாம் சும்மா என்று. கணக்கு அடிப்படையிலேயே கோணல். ஐந்து ஸ்டார் ஆண்டுக்கு முப்பது சொச்சம். நான்கு ஸ்டார் ஏறக்குறைய 350 முதல் 400. மூன்று ஸ்டார் ஆயிரக்கணக்கில். தலை எண்ணினால் மூன்று ஸ்டார்தான் ஜெயிக்கும். நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் விடை தலைகீழாகும். இன்று என்.எஃப்.எல்.லின் பெரிய குவார்ட்டர்பேக்குகளில் பேட்ரிக் மஹோம்ஸ் பள்ளியில் மூன்று ஸ்டார். ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது மேல்மட்டக் கல்லூரி ஆஃபர் ஒன்றுகூட இல்லை, ஜூனியர் காலேஜ் போய் வயோமிங் போனார். இரண்டும் நிஜம். இரண்டும் விதிவிலக்கு என்பதால்தான் நினைவில் நிற்கின்றன.

தனி ஒருவர்மேல் ஸ்டார் தவறலாம். கூட்டமாகப் பார்த்தால் தவறு சமனாகிவிடும். பட் எலியட் உருவாக்கிய ‘ப்ளூ-சிப் விகிதம்’ இந்த அடிப்படையில் நிற்கிறது: கடைசி நான்கு ஆண்டுகளில் கையெழுத்திட்டவர்களில் நான்கு, ஐந்து ஸ்டார்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா? 2023 சாம்பியன் மிச்சிகன் 54 விழுக்காட்டில் கோட்டைத் தாண்டியது. ஆனால் இதில் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியே வருபவர்கள் கணக்கில் இல்லை. 2023இல் 3–9 என்று கிடந்த இந்தியானா, புதிய கோச் கர்ட் சிக்னெட்டி வந்து, தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று பேரைக் கூட்டிவந்ததும் 2024இல் 11–2 என்று முடித்து பிளேஆஃப் போனது. பள்ளி ஸ்டார்களை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

மதிப்பெண் எப்போது ஏறியது என்பதைக் கவனியுங்கள். அலபாமாவோ ஜார்ஜியாவோ ஆஃபர் கொடுத்த அடுத்த வாரம் ஸ்டார் கூடுவது பழைய வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. அந்தக் கோச்சுகளின் கண் கூர்மையானது. ஆனால் அப்படி ஏறிய மதிப்பெண்ணை வைத்து ‘பார், அலபாமா எவ்வளவு நல்ல வீரர்களைப் பிடிக்கிறது’ என்று எழுதினால் அது ஒரே காசை இரண்டு முறை எண்ணுவது. முகாமில் புதிய ஆட்டத்தைப் பார்த்து ஏறிய மதிப்பெண்ணா, ஆஃபரைப் பார்த்து ஏறியதா என்று தேதியை ஒப்பிட்டாலே தெரியும்.

பொசிஷன்வாரியாகவும் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர், அவரைத் தடுக்கும் கார்னர்பேக் ஆகியோரை வேகத்தால் ஓரளவு அளக்கலாம். முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் அஃபென்சிவ் லைன்மேனை அளப்பது கடினம்: பதினேழு வயதில் 120 கிலோ உள்ளவர் இருபது வயதில் 140 கிலோவில் எப்படி நகர்வார் என்று யாருக்கும் தெரியாது. செவன்-ஆன்-செவன் போட்டிகளில் லைன்மேனே கிடையாது, அடித்து வீழ்த்துவதும் கிடையாது. அங்கே ஜொலித்த குவார்ட்டர்பேக்கை அதற்குரிய தள்ளுபடியோடு பாருங்கள்.

பத்து நிமிடத்தில் நீங்களே பார்ப்பது

ஹட்ல் தளத்தில் ஹைலைட் வீடியோ இருக்கும். முதல் ஐந்து துண்டுகள்தான் அவருடைய உச்சம். ஐந்தாவதிலேயே சாதாரண ஆட்டம் வந்துவிட்டால் சரக்கு அவ்வளவுதான். அடுத்து எதிரணியைப் பாருங்கள்: பெரிய பள்ளிகள் ஆடும் டெக்சாஸ் 6ஏ பிரிவில் ஓடுவதும் சின்னப் பள்ளிக்கு எதிராக ஓடுவதும் ஒன்றல்ல. முழு ஆட்டம் கிடைத்தால் ஹைலைட்டை மூடிவிட்டு அதைத் திறங்கள். பந்து தன்னிடம் வராத ஆட்டங்களில் ரிசீவர் ஓடுகிறாரா நடக்கிறாரா, மூன்றாவது காலாண்டில் லைன்மேன் இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறாரா நிமிர்ந்துவிட்டாரா, குவார்ட்டர்பேக் முதல் ஆள் அடைபட்டால் அடுத்தவரைத் தேடுகிறாரா உடனே ஓடுகிறாரா. ஹைலைட் இவற்றைக் காட்டாது.

40 கெஜ ஓட்ட நேரத்தை அப்படியே ஏட்டில் எழுதாதீர்கள். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்தது மின்னணு நேரத்தைவிட ஏறக்குறைய 0.24 விநாடி குறைவாக, அதாவது வேகமாகத் தெரியும். மாற்று வழி, பள்ளித் தடகளப் பதிவு; மின்னணு முறையில் எடுத்தது, பொதுவில் கிடைப்பது. 100 மீட்டரை 10.6இல் ஓடியவர் வேகமானவர், வாதம் இல்லை. 11.5இல் ஓடுகிறவர் 40 கெஜத்தை 4.4இல் ஓடினார் என்றால் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் அவருடைய மாமாவாக இருக்கும். உயரமும் அப்படித்தான்: பள்ளிப் பட்டியலில் உள்ள உயரம், முகாமில் அளந்தால் ஓர் அங்குலமாவது இறங்கும்.

யார் எழுதுகிறார், யார் காசு கொடுக்கிறார்

அணிவாரித் தளங்கள் சந்தா வாங்கி நடப்பவை. சந்தா கட்டுபவர் அந்த அணியின் ரசிகர். ‘இவர் நம்மிடம் வருவார்போல் இருக்கிறது’ என்ற செய்திக்குக் காசு உண்டு. ‘இவர் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை’ என்பதற்கு இல்லை. தவிர, அந்த நிருபர் நாளையும் அதே கோச்சுகளுக்குப் போன் போட வேண்டியவர். இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை, தொழிலின் அமைப்பு அது. தப்பிக்க எளிய வழி: ஒரு வீரரைப் பற்றி இரண்டு அணிகளின் தளத்தையும் படியுங்கள். இழக்கப்போகும் அணியின் நிருபர் ‘கை நழுவுகிறது’ என்று எழுதினால் அதுவே கனமான சாட்சி. தன் வாசகருக்குப் பிடிக்காததை வேறு வழியில்லாமல்தான் எழுதியிருப்பார். இரண்டு பக்கமும் உற்சாகமாக இருந்தால் ஒன்றும் முடிவாகவில்லை.

வீரர் எந்தக் கல்லூரிக்குப் போவார் என்று ஊகிக்கும் 247இன் கிரிஸ்டல் பால், ஆன்3இன் கணிப்பு இயந்திரம் இரண்டையும் பார்க்கும்போது விழுக்காட்டை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். அறிவிப்புக்கு இரண்டு மணி நேரம் முன் கணிப்பை மாற்றிச் சரியாகச் சொன்னவருக்கும் மூன்று மாதம் முன்பே சொன்னவருக்கும் கடைசியில் ஒரே மதிப்பெண்தான் தெரியும். ஏடு இருந்தால் இந்த வித்தியாசம் பிடிபடும்.

தொலைக்காட்சியில் சிக்கல் இன்னும் பெரியது. ஈ.எஸ்.பி.என். வீரர்களை வரிசைப்படுத்துகிறது, பள்ளி நட்சத்திர ஆட்டத்தை ஒளிபரப்புகிறது, கமிட் விழாவைக் காட்டுகிறது, எஸ்.இ.சி. என்ற கல்லூரி லீகின் ஆட்ட உரிமையையும் பிளேஆஃப் உரிமையையும் கையில் வைத்திருக்கிறது. போட்டி லீகான பிக் டென்னின் சேனல், பிக் டென் நெட்வொர்க்கின் பெரும்பங்கு ஃபாக்ஸிடம். எனவே எஸ்.இ.சி. உயர்த்தியா பிக் டென் உயர்த்தியா என்ற விவாதத்தைக் கேட்கும்போது சேனலின் சின்னத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. 2011இல் டெக்சாஸ் பல்கலையின் லாங்ஹார்ன் நெட்வொர்க்கை ஈ.எஸ்.பி.என். தொடங்கியபோது பள்ளி ஆட்டங்களையும் அதில் காட்டத் திட்டம் இருந்தது. கல்லூரி பெயரில் ஓடும் சேனலில் தன் ஆட்டம் வந்தால் எந்தப் பதினேழு வயதுப் பையன் மயங்கமாட்டான்? மற்றக் கல்லூரிகள் கொதித்தன. அந்த ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. தடுத்துவிட்டது.

இதற்காக எல்லாமே சதி என்று போய்விடவும் வேண்டாம். பெரும்பாலான சாய்வு சோம்பலில் பிறப்பது: அதிகம் ஒளிபரப்பாகும் அணியை அதிகம் பார்க்கிறார்கள், பார்த்ததைப் பேசுகிறார்கள்.

காசுச் செய்தி

2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம்; இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம் 2025 ஜூன் 6 அன்று அங்கீகரிக்கப்பட்டபின் கல்லூரியே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம்; 2025–26க்கு வரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. ஃபுட்பால் அணியில் 105 பேர்தான் இருக்கலாம். வெளியார் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பதிவுசெய்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

இந்த எண்களைத் தராசாக வையுங்கள். ஒரு பதினெட்டு வயதுக்காரருக்கு இத்தனை லட்சம் என்று செய்தி வந்தால் நான்கு கேள்வி: ஓராண்டுக்கா மொத்தத்துக்கா? கல்லூரிப் பங்கா வெளியார் பணமா? உறுதியான தொகையா, ஆடினால்தானா? எண்ணைச் சொன்னது யார்? ஏஜென்ட் சொன்னால் கூடும், கல்லூரி சொன்னால் குறையும். ஆன்3 போடும் ‘என்.ஐ.எல். மதிப்பு’ ஒரு கணக்கீட்டு மதிப்பீடு. யாருடைய வங்கிக் கணக்கிலும் விழுந்த பணம் அல்ல. அதைச் சம்பளம் என்று எழுதும் தளத்தை ஏட்டில் சிவப்பு மையால் குறியுங்கள்.

அணி வரிசையைப் படிப்பது இதே வேலையின் கடைசிக் கட்டம். ஜூலை மாத வரிசையை நம்பாதீர்கள். சீக்கிரம் ஆள் சேர்த்தவர் மேலே நிற்பார், அவ்வளவுதான். மொத்தப் புள்ளியோடு சராசரி மதிப்பெண்ணையும் பாருங்கள்: 28 பேர் சேர்த்த அணி, 17 நல்ல வீரர்களைச் சேர்த்த அணிக்கு மேலே தெரியலாம். போர்ட்டல் கணக்கு முடிவது ஜனவரியில். 2026இல் அதன் வாசல் ஜனவரி 2 முதல் 16வரை மட்டும், வசந்தகால வாசலை எடுத்துவிட்டார்கள். அதனால் டிசம்பர் வரிசையில் ‘வந்தவர்’ பக்கம் மட்டும்தான் இருக்கும். ‘போனவர்’ பக்கத்தை ஜனவரி மூன்றாவது வாரம் நீங்களே சேர்த்து எழுத வேண்டும்.

ஒரு கடைசி எச்சரிக்கை, ஏட்டில் சேராதது. வீரரின் கணக்கில் போய் ‘எங்களிடம் வா’ என்று எழுதாதீர்கள், மாறிப்போனால் திட்டவும் செய்யாதீர்கள். ரசிகரையும் கல்லூரியின் ஆதரவாளராக என்.சி.ஏ.ஏ. கணக்கில் எடுக்க முடியும். தொல்லை உங்கள் அணிக்குத்தான். மேலும் அந்தப் பதிவை முதலில் படிப்பவர் பெரும்பாலும் அவருடைய அம்மா.